ஒருத்தரையும் இறக்காத கொழுந்து லொறி

என் செல்ல மாலாவுக்கு,

ஏறிருச்சுடி! உன் கொழுந்து லொறி ஏறிருச்சு! இதை முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நீ கடைசிப் பக்கத்தைப் பார்த்துவிட்டுத்தான் முதலிலிருந்து படிப்பாய். உன் பழக்கம் எனக்குத் தெரியாதா?

அங்கே உனக்கு மூச்சு வாங்குவதில்லை என்று நம்புகிறேன். இங்கே மஸ்கெலியாவில் மழை விட்டபாடில்லை. நாம் இருவரும் வேலை பார்த்த, ஊர் ஆட்கள் போன் பேச வரும் கொமினிகேசன் கடையில், கணினிக்கு முன்னால் உன் நாற்காலி அப்படியே இருக்கிறது. அதில் இப்போது நான்தான் உட்காருகிறேன்.

இந்தக் கடிதத்தை உன் லொறியோடு சேர்த்து வைக்கப்போகிறேன், உன்னைத் தெரியாதவர்களும் இதைப் படிப்பார்கள். அதனால் கொஞ்சம் பெருமையடித்துக்கொள்கிறேன், பொறுத்துக்கொள். பிறக்கும்போதே பழுதான இதயம் உனக்கு. ரோட்டிலிருந்து நம்ம லயத்து வீட்டுக்கு நடந்து ஏற முடியாது. தேயிலைக் கொழுந்து எடுக்க வரும் லொறிதான் உன்னை முன் சீட்டில் உட்காரவைத்துக் கொண்டுவந்து விடும். வேறு பிள்ளையாக இருந்தால் வெளியே வேடிக்கை பார்த்திருக்கும். நீ டிரைவரின் காலையே பார்த்துக்கொண்டு வருவாய்.

"பொம்பளப் புள்ளைக்கு எதுக்குடி லொறி?" என்று உன் அம்மா, என் சின்னம்மா, கேட்டதற்கு, "ஓட்டிக் காட்டுறேன் பாருங்கம்மா" என்றாய். காட்டினாயே! கடைக் கணினியில் இருந்த லொறி விளையாட்டில் வெள்ளைக்காரன் லொறியைத் தூக்கிவிட்டு, நம்ம தோட்டத்து லொறியைச் செய்து வைத்தாய். இப்படி ஒரு விளையாட்டுக்குள் நாமே செய்து சேர்ப்பதற்கு மொட் என்று பெயர் என்பதே நீ சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

அதோடு விட்டாயா? ரோடு, வளைவு, கொழுந்து நிறுக்கிற மடுவம் எல்லாம் வந்தது. மடுவத்தில் நிற்பதற்கு, கொழுந்து பறிக்கிற நம்ம பெண்களை ஒவ்வொருவராகப் படம் பிடித்து, அவரவர் முகத்தோடு நிறுத்தினாய். அத்தனை பேர் கொழுந்தும் ஏறும்வரை லொறி நகராது என்று ஒரு சட்டமும் போட்டாய்.

பிறகுதான் வந்தது வில்லங்கம். உலகமெல்லாம் இப்படிச் செய்தவற்றைப் போடுகிற இணையத்தளத்தில் உன் லொறியை ஏற்றப் போனால், "கோப்பின் அளவு கூடிவிட்டது" என்று சிவப்பு எழுத்தில் திருப்பி அனுப்பியது. ஆஸ்பத்திரிக் கட்டிலிலும் உனக்கு அதே கவலை. "எப்பிடியாச்சும் ஏத்திருங்கக்கா. ஆனா ஒருத்தரையும் எறக்கிறாதீங்க" என்றாய். அதுதான் நீ என்னிடம் கடைசியாகக் கேட்டது.

நீ போன பிறகு, கொழுந்து பறிக்க மலைக்குப் போகும் வழியில் ராசம்மா அத்தை என்னைப் பார்க்கும்போதெல்லாம் கேட்பார். "லொறி ஏறிருச்சா பாப்பா?"

"இன்னும் இல்ல அத்தை. பாரம் கூடவாம்."

"எங்களாலயா பாரம்? நாங்கதான் எளச்சுப்போயில்ல கெடக்கோம்!"

சிரித்துவிட்டுப் போவார். நான் கடைக்குப் போய்த் திரும்பவும் கணினியைத் திறப்பேன்.

ஹோர்ன் சத்தத்தைச் சுருக்கினேன். நீ பத்திரமாக வைத்திருந்த பழைய பிரதிகளை அழித்தேன். எல்லாவற்றையும் சுருக்கி ஒரே கட்டாகக் கட்டியும் அனுப்பிப் பார்த்தேன். அந்தத் தளம் கட்டை அவிழ்த்து, உள்ளே இருப்பதன் அளவைத்தான் பார்க்கிறதாம். திரும்பவும் சிவப்பு.

அங்கேயே யோசனை கேட்டேன். ஒருவர் சுலபமாகச் சொல்லிவிட்டார்: ஒரு பெண்ணை மட்டும் வைத்துக்கொண்டு அவளையே எல்லா இடத்திலும் நிறுத்துங்கள், முகத்தை யார் பார்க்கப் போகிறார்கள்? எனக்கு வந்ததே கோபம்! நம்மை எல்லாம் ஒரே ஆளாகப் பார்ப்பதற்கு உலகத்தில் ஆள் குறைச்சலா என்ன? அதையும் நாமே செய்ய வேண்டுமா?

அந்தக் கோபத்தோடுதான் உன் படங்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். அடிப் பைத்தியமே! விளையாட்டுக்குத் தேவை முகமும் தோளும் மட்டும். நீயோ ஒவ்வொரு பெண்ணுக்குப் பின்னாலும் மலை, வானம், லயத்துக் கூரை, குறுக்கே போன நாய் வரை முழுப் படத்தையும் உள்ளே வைத்திருந்தாய். நம்ம ஊரில் யாரைப் படம் பிடித்தாலும் பின்னால் மலை தெரிய வேண்டுமே, அந்தப் பழக்கம் உன்னை விடவில்லை. பாரம் பெண்களால் இல்லை மாலா. அவர்களுக்குப் பின்னால் இருந்த மலையால்.

முகங்களை மட்டும் வெட்டி எடுத்தேன். காலையில் பெரட்டுக் களத்தில் வேலைக்குப் பேர் கொடுக்க நிற்பார்களே, அதே வரிசையில் எல்லோரையும் ஒரே படத்தில் சேர்த்து நிறுத்தினேன். அங்கே எப்போதும் முதல் ஆள் ராசம்மா அத்தை, இங்கேயும் அவர்தான். எந்த உடம்புக்கு எந்த இடத்து முகம் என்று விளையாட்டுக்குச் சொல்லிக் கொடுத்தேன். கடைசியில் ஓர் ஆளுக்கு இடம் மிச்சம் இருந்தது. எல்லோரையும் வைத்தவள் உன்னை மட்டும் வைக்கவில்லையே, ஏன்டி?

அந்த இடத்தில் உன் முகத்தை வைத்தேன். லொறியில் டிரைவர் சீட்டில் உட்காரவைத்தேன். பிறகு அனுப்பினேன். இந்தத் தடவை சிவப்பு வரவில்லை. நான் போட்ட சத்தத்தில், போன் பேசிக்கொண்டிருந்த ஆள் ரிசீவரைக் கீழே போட்டுவிட்டார்.

எந்த நாடோ தெரியாது, உன் லொறியை ஓட்டிப் பார்த்த ஒருவர் எழுதிக் கேட்டிருந்தார். எத்தனை ஹோர்ன் அடித்தாலும் மடுவத்தில் லொறி நகரவில்லையாம், என்ன பிழை என்று. "பிழை இல்லை, எல்லார் கொழுந்தும் ஏறட்டும்" என்று பதில் போட்டேன். மறுபடி எழுதினார்: "நகர்ந்துவிட்டது. ஓட்டுகிற பெண் யார்?"

பக்கத்தில் சின்னம்மா இருந்தார். கேள்வியை வாசித்துச் சொன்னேன். திரையில் உன் முகத்தை விரலால் தொட்டுக்கொண்டே, "எம் மகள்னு எழுது" என்றார். "எங்க தோட்டத்து டிரைவர்னு எழுது." இரண்டையும் எழுதினேன்.

புதுப்புது விளையாட்டு வரும், புதுப்புதுச் சிவப்பு எழுத்தும் வரும். ஒவ்வொரு தடவையும் நான் உன் லொறியைத் திரும்ப ஏற்றுவேன். உன்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன் மாலா, ஒருத்தரையும் இறக்க மாட்டேன்.

உன் பெரியம்மா மகள்,
ஜெயா அக்கா