யாரும் ஏசாத மைதானம்

பாரோ,
ஞாயிறு இரவு.

அன்புள்ள யாங்கியின் அப்பாவுக்கு,

இந்த நேரத்தில் எழுதுவதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். யாங்கி இப்போதுதான் கண் மூடினாள். நாளைக் காலை முதல் பஸ்ஸில் ஸங்மோ திம்பு வில் பயிற்சி முகாமுக்குத் திரும்புகிறாள். அதற்குள் இதை அவள் கையில் கொடுத்துவிட வேண்டும். தபாலில் போட்ட இரண்டு கடிதங்களுக்கும் உங்களிடமிருந்து பதில் இல்லை.

இங்கே எல்லோரும் நலம். கூரை முழுக்க மிளகாய் காய்கிறது. சிவப்புப் பசு கிடேரிக் கன்று போட்டிருக்கிறது. யாங்கிக்கு மேல்வரிசையில் இரண்டு பல் வந்துவிட்டது. வானொலிப் பெட்டியைத் தட்டித் தட்டி அப்பா அப்பா என்கிறாள். உங்கள் பெயர் அதில் வந்ததை யாரோ அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.

நாட்டுக்காக வெளிநாட்டுப் போட்டிக்கு வில்லோடு போன ஆறு பேரில் ஐந்து பேர் அவரவர் வீட்டுக்கு வந்து போய்விட்டார்கள். ஊர் திரும்பி இருபது நாளாகியும் நீங்கள் வரவில்லை. கால் வலி என்று உங்கள் அண்ணன் கடோவுக்குச் சொல்லியனுப்பினீர்களாம். நான் ஸங்மோவைக் கேட்டேன். உங்களோடு அணியில் நின்றவள், அவளுக்குப் பொய் சொல்ல வராது. முதல் சுற்றில் தோற்ற அன்று நீங்கள் சாப்பிடவில்லை என்றாள். அப்புறம் தயங்கித் தயங்கி, "வீட்ல பொம்பள யாரோ என் வில்லத் தொட்டிருக்கா" என்று நீங்கள் சொன்னதையும் சொன்னாள்.

ஆமாம். தொட்டோம்.

புறப்படுமுன் வழக்கப்படி என்னை விட்டுப் பூஜையறையில் வில்லோடு படுத்தீர்கள். விடிந்ததும் லாமாவிடம் ஆசி வாங்கப் போனீர்கள். நான் தண்ணீர்க் கிண்ணங்களை நிரப்ப உள்ளே போனேன். பின்னாலேயே தவழ்ந்து வந்த யாங்கி, நாண் பூட்டிச் சாய்த்து வைத்திருந்த வில்லைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள். நாணைச் சுண்டிவிட்டு அந்தச் சத்தத்துக்குச் சிரித்தாள். அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தது நான். சட்டைக் கையால் துடைத்துவிட்டு வந்துவிட்டேன். சொன்னால் விமானம் ஏறும்போதே தோற்றுவிடுவீர்கள் என்று பயம்.

காங்லுங் கல்லூரியில் படித்தவள்தான் நான். ஆனாலும் வானொலியில் முடிவு சொன்னதும் முதலில் என் கையைத்தான் பார்த்தேன்.

ஸங்மோ இன்னொன்றும் சொன்னாள். "அங்க யாருமே நம்மள ஏசல அக்கா. பாட்டு இல்ல, ஆட்டம் இல்ல. பரீட்ச எழுதுற எடம் மாதிரி இருந்துச்சு. அவரு நாணை இழுத்துப் பிடிச்சுக்கிட்டு, யாராவது ஏசுவாங்கன்னு காத்துக்கிட்டே நின்னாரு. நேரம் முடிஞ்சிருச்சு. கடைசி அம்ப அவரு விடவே இல்ல."

இங்கே எதிரணி ஆட்கள் குறிப்பலகை அருகிலேயே நின்று, "கண்ணா அது, அவிச்ச முட்டையா? பொண்டாட்டியக் கூப்புடு, அவ குறி பாக்கட்டும்" என்று கத்துவார்கள். நீங்கள் சிரித்துக்கொண்டே விடுவீர்கள். அம்பு போய்ப் பலகையில் நிற்கும். பெண் கை பட்டதுதான் காரணம் என்றால், ஸங்மோவும் பெண்தானே? முகாமில் எல்லா வில்லுக்கும் நாண் மாற்றுவது அவள்தான் என்று நீங்களே சொல்லியிருக்கிறீர்கள்.

முடிவு வந்த மறுநாள் கடோ அண்ணன் மைதானத்தில் எல்லோர் முன்னும், வில்லைத் தொட்டது யார் என்று என்னைக் கேட்டார். நான்தான் தொட்டேன் என்றேன். யாங்கி பெயரை எடுக்கவில்லை. இனி ஆட்டத்தன்று சோறு கொண்டு அந்தப் பக்கம் வரக்கூடாது என்றார்கள். சரி என்று வந்துவிட்டேன். ஊருக்கு அதுவே போதும். பழி வேண்டுமென்றால் நீங்களும் என் மேலேயே போடுங்கள். ஆனால் அவள் எவ்வளவு வளர்ந்தாலும், ஒரு நாள்கூட அவள் கையை அந்தக் கண்ணோடு பார்த்துவிடாதீர்கள்.

என் முகத்தைப் பார்க்கப் பிடிக்காவிட்டால், வருகிற நாளை மட்டும் சொல்லுங்கள். நான் வயலில் இருந்துகொள்கிறேன். அவளைத் தூக்கிவைத்துக் கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போங்கள்.

மூன்று ரத்தினங்களும் உங்களுக்குத் துணையிருக்கட்டும். வேளைக்குச் சாப்பிடுங்கள். சீக்கிரம் பதில் போடுங்கள்.

உங்கள்
ஸெல்டென்