மஞ்சள் பல்பு

அன்புத் தங்கைக்கு,

மார்புக் கட்டிக்கு ஆபரேஷன் முடிந்து இரண்டு வருஷம் நிம்மதியாக இருந்தேன். இப்போது ரத்தப் பரிசோதனையில் கல்லீரல் சரியில்லை என்று வந்திருக்கிறது. ஸ்கேன் எடுத்தால்தான் தெரியுமாம். அது கிடக்கட்டும், நீ வைத்த செடி பூத்துவிட்டது.

உன் அத்தான் பெயிண்டுக் கடையில் நிறம் கலக்குகிறவர் அல்லவா, இரண்டு வெள்ளைக்கு நடுவில் உள்ள வித்தியாசம்கூட அவருக்குத் தப்பாது. நேற்றுக் காலை ஜன்னலோரம் என் கண்களையே பார்த்தபடி நின்றார்.

“என்னங்க?”

“ஒன்னுமில்ல. சரியா தூங்கலையா நீ?”

சாயங்காலம் வீட்டிலிருந்த வெள்ளை பல்புகளையெல்லாம் கழற்றிவிட்டு மஞ்சள் பல்பு மாட்டினார். “வெள்ளை வெளிச்சத்துல கண்ணு கூசுது” என்றார். எனக்கும்தான் என்று சொல்லிவைத்தேன்.

இந்த வெளிச்சத்தில் சுவர், தலையணை, அவர் கண், என் கண் எல்லாம் ஒரே நிறம்.

ஸ்கேனுக்குத் துணைக்கு வருகிறேன் என்றாயே, முந்தின நாள் இருட்டிய பிறகு வந்து சேர்.

நன்றாகவே இருக்கும்
உன் அக்கா