கழுதைக்குப் பதில் மோட்டார் சைக்கிள்

மார்ச் 3, திங்கள்

இன்று ஒரு பல் துலக்கும் பிரஷுக்குப் புருவம் வைத்தேன். புருவம் இருந்தால் ஜனங்களுக்கு நம்பிக்கை வருமாம், விளம்பரக்காரர்கள் சொல்கிறார்கள். அதைக் கணினியில் மெல்ல உயர்த்திக்கொண்டிருந்தபோது அடுத்த மேசைக்காரன் நாற்காலியோடு உருண்டு வந்தான்.

"அண்ணே, உங்க பழைய கேம் திரும்ப வருதாமே! வேற கம்பெனி வாங்கிடுச்சாம்."

பிரஷின் புருவம் உச்சந்தலையைத் தாண்டிப் போய்விட்டது.

'கடைசிக் கணவாய்'. ஒரு வழிப்போக்கனும் ஒரு கழுதையும் பனிமலையைக் கடக்க வேண்டும், அவ்வளவுதான் கேம். "இந்த வருஷம் வரும்", "அடுத்த வருஷம் வரும்" என்று அறிவித்து அறிவித்தே எங்கள் பழைய கம்பெனிக்கு மூச்சு முட்டி, இழுத்து மூடினார்கள். வழிப்போக்கனை ஆள் மாற்றி ஆள் செய்தார்கள். கழுதையின் ஒவ்வொரு அசைவும் என் கை. ஊரார் பிள்ளை வளர்த்தார்கள், நான் கழுதை வளர்த்தேன். அது நடந்து வந்தால் இமயமே எழுந்து ஓரமாக நிற்கும்.

மார்ச் 4

வெறும் வதந்தி. நான் நம்பவில்லை. புதிதாக ஏதாவது வந்திருக்கிறதா என்று இன்று ஒரு லட்சம் தடவைதான் பார்த்தேன்.

மார்ச் 9, ஞாயிறு

வதந்தியில் அடிபடும் அந்தக் கம்பெனியில்தான் என் மச்சினன் வேலை பார்க்கிறான். மனைவியின் தம்பி. என் தொழிலேதான் அவனுக்கும். ஒரே வித்தியாசம், அவன் தொட்ட கேமெல்லாம் கடைக்கு வந்துவிடும்; நான் தொட்டதெல்லாம் 'விரைவில்'.

மத்தியானம் சாப்பிட வந்தான்.

"என்ன மாப்ள, ஆபீஸ்ல மலை ஏறுறீங்களாமே?"

"எந்த மலை மாமா?"

"பனி மலை."

"மாமா, கையெழுத்து வாங்கியிருக்காங்க. வாயத் தொறந்தா வேலை போயிடும்."

"வாயத் தொறக்க வேணாம். கழுதை இருந்தா ஒரே ஒரு தடவை இருமு."

இருமவில்லை. படுபாவி, தண்ணீரைக்கூடச் சத்தமில்லாமல் குடித்தான்.

"பிள்ளைய நிம்மதியா சாப்பிட விடுங்க" என்று மனைவி அவன் தட்டில் இன்னொரு கரண்டி போட்டாள். என் தட்டும் காலிதான். யார் கண்ணிலும் படவில்லை.

மார்ச் 11

இதை யாரிடம் சொல்ல? கழுதையைத் தூக்கி எறிந்திருந்தால், என் உழைப்பெல்லாம் குப்பைக்குப் போனது. எறியவில்லை என்றால், அதன் கடிவாளம் அவன் கையில் இருக்கும். எப்படிப் போனாலும் எனக்கு வயிறு எரியத்தான் போகிறது. அப்புறம் எதுக்குத் தெரிஞ்சுக்கணும்? — தெரிஞ்சே ஆகணும். அவ்வளவுதான்.

மார்ச் 14

சாணக்கியத்தனம் செய்திருக்கிறேன். ரசிகர்கள் கூடிப் பேசும் இணையப் பக்கத்தில் 'பனிமலைப் பைத்தியம்' என்ற திருநாமத்தில் அவதரித்து, இப்படி எழுதினேன்: "உள்ளே இருப்பவர் சொன்ன தகவல். புதிய 'கடைசிக் கணவாய்' கேமில் கழுதை கிடையாது. அதற்குப் பதில் மோட்டார் சைக்கிள்."

பச்சைப் பொய். கம்பெனி பதறிப்போய், "இல்லை, கழுதை இருக்கிறது" என்று மறுக்கும். எனக்கு வேண்டிய பதில் தானாகக் கையில் வந்து விழும். என் மூளைக்கு நானே ஒரு சிலை வைக்கலாம்.

மார்ச் 17, திங்கள்

அடுத்த மேசைக்காரன் உருண்டு வந்தான். முகம் செத்துக் கிடந்தது.

"அண்ணே, மனசத் தேத்திக்குங்க. உங்க கழுதைய எடுத்துட்டாங்களாம். மோட்டார் சைக்கிளாம்."

"யார் சொன்னது?"

"நம்பகமான ஆளு. உள்ளேயே இருக்கறவரு."

என் பொய் என்னிடமே வந்து துக்கம் விசாரிக்கிறது. வெட்கத்தை விட்டு எழுதுகிறேன்: கேட்டதும் எனக்கு நிஜமாகவே ரத்தம் கொதித்தது. மோட்டார் சைக்கிளா? என் கழுதை இருந்த இடத்திலா?

கம்பெனி மட்டும் வாயே திறக்கவில்லை.

மார்ச் 20

மச்சினன் வந்தான். சாப்பிட வரவில்லை. கூடத்தில் நின்றபடியே அக்காவிடம் சொன்னான்.

"கழுதைய எடுத்துடலாம்னு போன வாரந்தான் முடிவாச்சு. அந்த ரூம்ல நாங்க நாலே பேரு. மறுநாளே வெளிய வந்துடுச்சு. பழைய டீம்ல சொந்தக்காரன் இருக்கறது எனக்கு மட்டுந்தான். எல்லாரும் என்னத்தான் பாக்கறாங்கக்கா. நாளைக்கு விசாரணை."

"நீ சொன்னியாடா?"

"மாமா கேட்டப்போ இருமக்கூட இல்லையேக்கா!"

அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. நான் சுவரில் இருந்த ஒரு ஆணியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆக, என் பொய் முக்கால்வாசி நிஜம். மனதுக்குள் ஒரு குரல் — என் குரல்தான், வேறு யாருடையது — சொல்கிறது: சும்மா இரு. நீ அவனிடமிருந்து ஒரு வார்த்தை கூடக் கேட்கவில்லை. அவன் வேலை போனால் அதற்கு நீயா பொறுப்பு? தொட்டதெல்லாம் வெளியே வருகிறவன், தானும் ஒரு தடவை வெளியே வரட்டுமே.

இந்தக் கடைசி வரியை எழுதிவிட்டு ஒரு கணம் சிரித்தேன். அப்புறம் சிரிக்க முடியவில்லை. சீ. என்ன மனுஷன் நான்.

மார்ச் 21

போனேன். லீவு சொல்லிவிட்டு, அந்தக் கம்பெனியின் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு போனேன். வரவேற்பில் இருந்த பெண்ணிடம், "பனிமலைப் பைத்தியம் வந்திருக்கிறேன்" என்றேன். காவலாளியைக் கூப்பிடத்தான் கையை நீட்டினாள். அதற்குள் மேலாளர் அம்மாவே இறங்கி வந்துவிட்டார்.

நான் யாருடைய மாமா என்று சொல்லி, என் போனிலேயே அந்தக் கணக்கைத் திறந்து காட்டினேன். அதற்கு முன்னால் எழுதிப் பார்த்து, வெளியிடாமல் விட்டிருந்த வேறு பொய்களும் அதில் இருந்தன. ஒன்றில் கழுதைக்குப் பதில் பேசும் சூட்கேஸ்.

"கழுதைய நாங்க எடுத்தது நிஜம்தான். மோட்டார் சைக்கிள்?"

"அது சொந்தச் சரக்குங்கம்மா."

"உங்க மச்சினன் ஒண்ணுமே சொல்லலையா?"

"ஒரு இருமலுக்குக்கூட வழியில்ல. அவன மாதிரி அழுத்தக்காரன் உங்களுக்குக் கிடைக்கவே மாட்டான்."

அவனைப் பற்றி நான் வாயாரப் புகழ்ந்தது இதுதான் முதல் தடவை. விசாரணை நின்றது. "கழுதை வேணும், கழுதை வேணும்னு ஒரு நாளைக்கு ஆயிரம் பேர் திட்டறாங்க, எல்லாம் உங்க புண்ணியம்" என்று கும்பிட்டு அனுப்பி வைத்தார்.

மனைவி இன்னும் என்னோடு பேசவில்லை. சாப்பாடு மட்டும் மேசைமேல் இருந்தது.

ஏப்ரல் 2

கம்பெனி அறிவித்துவிட்டது: கழுதை உண்டு. யார் செய்கிறார்கள்? மனைவி பேச ஆரம்பித்ததே இதைச் சொல்லத்தான். "தம்பிகிட்ட குடுத்திருக்காங்களாம்."

நானே குழி வெட்டி, நானே குதித்து, மண்ணையும் நானே தள்ளிக்கொண்டேன்.

ஜூன் 12

கேமிலிருந்து ஒரு சின்னத் துண்டை வெளியிட்டிருக்கிறார்கள். குற்றம் கண்டுபிடிக்கவே உட்கார்ந்தேன். காது பெரிது. வால் பரவாயில்லை.

பிறகு கழுதை ஒரு பனி ஓடைக்கு வருகிறது. நிற்கிறது. ஒரு காலைத் தண்ணீரில் வைக்கிறது — சட்டென்று எடுத்துவிடுகிறது. வழிப்போக்கனைத் திரும்பிப் பார்க்கிறது. அப்புறம்தான் இறங்குகிறது.

அந்தக் காலை எடுப்பது. எத்தனை வருஷம் அந்தக் கழுதையோடு கிடந்தேன்; எனக்கு ஏன் தோன்றவில்லை? குளம்பு பனியில் வழுக்காமல் பதிய வேண்டும் என்று மாதக்கணக்கில் மாரடித்தேனே தவிர, அதற்குக் குளிரும் என்று ஒரு நாளாவது நினைத்தேனா? அடிவயிற்றிலிருந்து எரிந்தது. அழுகையும் வந்தது. எது எதனால் என்று பிரிக்கத் தெரியவில்லை.

போன் போட்டேன்.

"தண்ணியில கால வச்சுட்டு எடுக்குதே, யார் யோசனை மாப்ள?"

"என்னதுதான் மாமா. ஏன், நல்லா இல்லையா?"

"நல்லா இருக்கு."

"என்ன சொன்னீங்க? கேக்கல."

"காது பெருசுன்னு சொன்னேன்" என்று வைத்துவிட்டேன்.

ஜூன் 16, திங்கள்

இன்று சோப்புக்கட்டி விளம்பரம். சோப்பு தானே நடந்து போய்த் தொட்டியில் குதிக்க வேண்டும். தொட்டி விளிம்பில் அதை நிறுத்தினேன். ஒரு காலைத் தண்ணீரில் வைத்தது, சட்டென்று எடுத்தது.

"சோப்பு எதுக்குங்க தண்ணிக்குப் பயப்படுது?" என்று விளம்பரக்காரர் கேட்டார். இரண்டாவது தடவை பார்த்துவிட்டுச் சிரித்தார். அப்படியே இருக்கட்டும் என்றார்.

அடுத்த மேசைக்காரன் உருண்டு வந்தான். "அண்ணே, பிரமாதம்! எங்கேர்ந்து புடிச்சீங்க?"

"என் மச்சினன்கிட்ட இருந்து" என்றேன். அறை முழுக்கக் கேட்கும்படிதான் சொன்னேன்.

சொல்லிவிட்டுத் திரும்பி, சோப்புக்குப் புருவம் வைக்க ஆரம்பித்தேன்.