நான்தான் என்றால் யார்?

செவ்வாய்க்கிழமை.

கோபம் இன்னும் அடங்கவில்லை. அக்கா புருஷன் என்பதற்காக மாமாவிடம் எவ்வளவுதான் பொறுத்துக்கொள்வது?

தூரத்து சர்வருக்குள் பாதுகாப்பாக நுழைவதற்கான புரோகிராமை சி மொழியில் நான் தனியாளாக எழுதி முடித்தேன். பாஸ்வேர்டை அனுப்பும் முன், எதிரே இருப்பது பழைய அதே சர்வர்தானா என்று அதன் அடையாளச் சாவியை ஒப்பிட்டுப் பார்க்கும். சாவி மாறியிருந்தால் நின்றுவிடும். இன்று காலை மாமாவின் செஞ்சி ஆபீசில், கஸ்டமர் முன்னால், அப்படித்தான் நின்றது. சர்வரை மாற்றியதை மாமா என்னிடம் சொல்லவே இல்லை.

கஸ்டமர் போனதும் கத்தினார். "நீ யாரு, நீ யாருன்னு இன்னாத்துக்கு அது கேட்டுக்கினு இருக்குது? கனெக்ட் ஆனா போதும்."

"நடுவுல வேற எவனாவது உக்காந்திருந்தா பாஸ்வேர்டு அவனுக்குப் போயிடும் மாமா."

"எவன் வந்து உக்காரப் போறான்? படிச்ச திமிரு உனக்கு."

பக்கத்திலேயே நின்று சாவியை ஒப்பிடும் வரிகளை என் கையாலேயே அழிக்க வைத்தார்.

சாயங்காலம் தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தது. "நான்தாம்மா. என் போன்ல சார்ஜ் இல்ல. வல்லத்துல கஸ்டமர் வீட்ல இருக்கேன். சர்வர் பாஸ்வேர்டு சொல்லு, சீக்கிரம்."

"நான்தான்னா யாரு?"

"இன்னா, வெளாட்றியா? மாமா பேசறேன்!"

"எங்க மாமா நம்பர் இது இல்லீங்களே," என்று வைத்துவிட்டேன்.

திரும்பத் திரும்ப அடித்தது. எடுக்கவில்லை.

அவர் குரல்தான். இருமினாலே கண்டுபிடித்துவிடுவேன்.