வரப்பில் ஒரு சிவப்புத் துணி

புரட்டாசி 14, திங்கள்

கண்ணை மூடினால் அஞ்சலையின் கைதான் தெரிகிறது.

சுவீடனிலிருந்து வந்த இசையமைப்பாளருக்கு மொழிபெயர்க்க நன்னிலம் பக்கத்து வயலுக்குப் போயிருந்தேன். அவர் ஊரில் பெரிய வாத்தியக் குழுவைக் கையசைத்தே நடத்துபவர். இங்கே நடவுப் பாட்டையும் அப்படி நடத்திப் பதிவு செய்ய ஆசை. குனிந்து நடும் பெண்களுக்கு அவர் கை தெரியவில்லை. உடனே ஒரு குச்சியில் சிவப்புத் துணியைக் கட்டி, வரப்பில் நின்று உயர்த்திவிட்டார்.

கூலித் தகராறு கொதிக்கிற ஊரில் சிவப்புத் துணி! மனுஷனுக்கு யார் சொல்வது? நான் வாயைத் திறப்பதற்குள் மிராசுதாரின் ஆட்கள் தடியோடு இறங்கிவிட்டார்கள்.

"கொடியாடி ஏத்துறீங்க?"

வெள்ளைக்காரரை ஒருவனும் தொடவில்லை. பெண்களைத்தான் சேற்றில் புரட்டிப் புரட்டி அடித்தார்கள். அஞ்சலையின் முழங்கை முறிந்த சத்தம் அவருடைய டேப்பில் இருக்கிறது.

ஆஸ்பத்திரியில் அவர் அழுதபடி மன்னிப்புக் கேட்டார். அவளிடம் சொன்னேன்.

அஞ்சலை பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்: "அழ வேணாம்னு சொல்லுங்க சார். வெறுந்துணிக்கே இந்த அடி. நாளைக்கு நெசக் கொடியவே ஊனிட்டு வாங்கிக்கிறோம்."

என்ன சொல்கிறாள் என்று கேட்டார்.

வலிக்கிறதாம் என்றேன்.