காரைத் தேடவேண்டாம்

பழைய டீசல் கார்கள் பாரிசுக்குள் பகலில் ஓடினால் தண்டம் என்று சட்டம் வந்திருந்தது. கர்ப்பிணியான வசந்தரூபிக்கு ஏழாம் மாதத்தில் இரத்தம் போகத் தொடங்கியபோது, கணவன் தவசீலன் தங்கள் பழைய டீசல் காரை எடுக்கவில்லை.

"பொலிஸ் கண்டால் தண்டம் எழுதுவான். நீ ஆஸ்பத்திரிக்கு மெத்ரோ ரயிலிலை போ."

பிள்ளை தங்கவில்லை. ஒரு மாதம் கழிந்தது. இன்று அவன் இரவு வேலை முடிந்து தூங்கும்போது, சாப்பாட்டு மேசையில் எழுதி வைத்தாள்:

"கணவாய்க் கறி அடுப்பிலை. சூடாக்கிச் சாப்பிடுங்கோ.

காரைத் தேடாதேங்கோ. அது என்ரை பேரிலைதானே? நீங்கள் நித்திரையாய் இருக்கேக்கை பழைய இரும்புக்காரர் ஏத்திக்கொண்டு போட்டினம். நசுக்கிறதை வீடியோ எடுத்து உங்களுக்கு அனுப்பச் சொன்னனான்."

வாசல்வரை போனவள் திரும்பி வந்து, கீழே இடுக்கில் நெருக்கி எழுதினாள்:

"பிள்ளைக்கெண்டு பின்னுக்குப் பூட்டின சீட்டை நான் கழட்டேல்லை. வீடியோவிலை வடிவாய்ப் பாருங்கோ."