கேபின் மேல் இருந்த முருகன் பலகை

ஆடி மாதம், வியாழன் இரவு.

ஆர்.கே.பேட்டையிலிருந்து சென்னைக்குத் துணி ஏற்றும் மின்சார லாரியை நான்தான் ஓட்டுகிறேன். ஒரே சார்ஜில் போய்த் திரும்ப வேண்டும். ஏசி போடுவதில்லை. கிளம்பும் முன் டயரில் காற்று பார்க்கிறேன். பிரேக்கை மிதிக்காமல் முன்கூட்டியே ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, அந்த ஓட்டத்திலேயே பேட்டரியை ஏறவிடுகிறேன். எல்லாம் நானே கற்றுக்கொண்டது. அப்படியும் போன வாரம் திரும்பும் வழியில், கே.ஜி.கண்டிகையில் சார்ஜ் தீர்ந்து வண்டி நின்றுவிட்டது.

இன்று காலை சின்ன முதலாளி, கேபின் மேல் நான் நிறுத்தியிருந்த, முருகன் படம் போட்ட பலகையைக் காட்டினான்.

"நைனா, இது காத்த மறிச்சிகினு நிக்குது. சார்ஜ் எல்லாம் அதுக்கே பூடுது."

"ஆங், முருகன்தான் உன் கரண்ட்ட குடிக்கிறாரா?"

"கயட்டுங்க. இல்லன்னா சாவிய வேற ஆளுகிட்ட குடுத்துடுவேன்."

நான் ஓட்டிய எல்லா லாரியிலும் நின்ற பலகை அது. கழற்ற மாட்டேன் என்றேன். டீ குடித்துவிட்டு வருவதற்குள் அவனே கழற்றிக் கீழே வைத்திருந்தான்.

சாயங்காலம் திரும்பியபோது, இதுவரை இல்லாத அளவுக்குச் சார்ஜ் மிச்சமிருந்தது. அவன் திரையைப் பார்த்துச் சிரித்தான்.

"இன்னிக்குக் காத்தே இல்லப்பா" என்றேன்.

பலகையை வீட்டுக்குக் கொண்டுவந்து கட்டிலுக்கு எதிரே சுவரில் சாய்த்திருக்கிறேன். முருகன் என்னையே பார்க்கிறார். நாளை நல்ல காற்று அடிக்கட்டும், சார்ஜைக் குடித்தது பலகையா காற்றா என்று அப்போது தெரியும். லாரிச் சாவியும் பலகையை மாட்டும் ஸ்பேனரும் ஒரே சட்டைப்பையில்தான் கிடக்கின்றன.